இரண்டு கோடு தெரிந்தால் நல்லது

மலேசியாவின் பினாங்கில், பாயான் லெப்பாஸ் பக்கம் ஒரு கிளினிக். காலை ஒன்பதரை. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டப் புதிதாக எடுத்திருந்த ஆறு பேரை மருத்துவப் பரிசோதனைக்குக் கூட்டிப் போயிருந்தேன். அதில் ஒரு பையன், பட்டர்வொர்த்காரன், தன் சிறுநீரில் நனைந்த போதைப்பொருள் சோதனைப் பட்டையை மேசைமேல் பார்த்ததும் வெலவெலத்துப் போனான். "மிஸ்ஸி, ரெண்டு கோடு வருதே!" கோவிட் காலத்தில் வாரம் ஒரு தடவை மூக்கில் குச்சி விட்டுப் பழகியவன். அவனுக்கு இரண்டு கோடு என்றால் வீட்டோடு கிட என்று அர்த்தம். மிஸ்ஸி, அதாவது நர்ஸ், கையுறையைக் கழற்றிக்கொண்டே, "தம்பி, இதுல ரெண்டு கோடு வந்தாதான் நல்லது. ஒண்ணு காணாமப் போனாதான் டாக்டர் கூப்பிடுவாரு" என்றார்.

தொழிற்சாலை மனிதவளப் பிரிவில் 11 வருடம் இருந்தேன். இந்தத் தலைகீழ்க் கணக்கு அந்தப் பையனுக்கு மட்டுமில்லை, அவனை வேலைக்கு எடுப்பவர்களுக்கும் பெரும்பாலும் தெரியாது. தெரியாமலேயே கையெழுத்துப் போடுகிறார்கள். ஒருவருடைய சம்பளம் அந்தக் கோட்டில்தான் தொங்குகிறது.

கோடு ஏன் மறைகிறது என்பதைப் பார்ப்போம். பட்டையின் அடிப்பகுதியில் நிறம் ஏற்றிய ஆன்டிபாடிகள் காய்ந்து கிடக்கும். குறிப்பிட்ட ஒரு போதைப்பொருளைக் கண்டால் பிடித்துக்கொள்வது மட்டும்தான் அவற்றின் வேலை. சிறுநீர் பட்டையில் ஏறும்போது அவற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு மேலே போகும். மேலே கோடு விழ வேண்டிய இடத்தில் அதே போதைப்பொருளின் மூலக்கூறை ஏற்கெனவே ஒட்டி வைத்திருக்கிறார்கள். கொம்தாரில் டாக்சி நிற்கும் இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். காலியாக வரும் டாக்சிகள் அங்கே நின்று ஆளை ஏற்றும். வழியிலேயே ஆள் ஏறிவிட்ட டாக்சி நிற்காமல் போய்விடும். சிறுநீரில் போதைப்பொருள் இல்லையென்றால் டாக்சிகள் எல்லாம் காலியாக வந்து ஸ்டாண்டில் குவியும். அந்த நிறக் குவியல்தான் நாம் பார்க்கும் கோடு. சிறுநீரில் அது நிறைய இருந்தால் வழியிலேயே எல்லா டாக்சியும் நிரம்பிவிடும், ஸ்டாண்டு வெறிச்சோடிக் கிடக்கும், கோடு வராது. அதுதான் பாசிட்டிவ். மேலே தனியாக இருக்கும் கட்டுப்பாட்டுக் கோடு எப்போதும் வர வேண்டும். அது வராவிட்டால் பட்டையே கெட்டுப்போனது, தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்றை எடுக்க வேண்டும்.

சரி, கோடு மங்கலாக வந்தால்? சில டாக்சிகளாவது நின்றிருக்கின்றன என்று பொருள். எவ்வளவு மங்கலாக இருந்தாலும் கோடு கோடுதான், நெகட்டிவ்தான். "லேசாத்தான் இருக்கு, இவன் மேல ஒரு கண்ணு வைங்க" என்று ஒரு சூப்பர்வைசர் என்னிடம் சொன்னது ஞாபகம் இருக்கிறது. பட்டைக்கு அப்படியொரு பாஷை கிடையாது. அது ஆமாம் அல்லது இல்லை என்று மட்டும் சொல்லும்.

அந்த ஆமாம்கூட "இருக்கிறது" என்ற பொருளில் வருவதில்லை. "இந்த அளவுக்கு மேல் இருக்கிறது" என்பதுதான் அதன் பொருள். அமெரிக்க அரசு வேலைகளுக்கான விதியில், கஞ்சாவுக்கு முதல்கட்டச் சோதனையின் எல்லை மில்லிலிட்டருக்கு 50 நானோகிராம். ஒரு கிராமை 100 கோடியாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் நானோகிராம். இந்த எல்லைகள் இயற்கை போட்டவை இல்லை, ஆட்கள் உட்கார்ந்து பேசி முடிவு செய்தவை. பக்கத்தில் இருந்தவன் விட்ட புகைக்காக ஒருவன் மாட்டிக்கொள்ளக் கூடாது, நேற்று இழுத்தவன் தப்பித்துவிடவும் கூடாது. இரண்டுக்கும் நடுவில் ஓர் இடத்தில் கோடு கிழித்திருக்கிறார்கள்.

கோட்டை நகர்த்தவும் செய்வார்கள். அதற்கு நம் சமையலறையிலேயே உதாரணம் இருக்கிறது, கசகசா. குருமாவுக்குத் தேங்காயோடு அரைக்கிறோமே, அது அபினிச் செடியின் விதைதான். விதையின் மேல்தோலில் அபினிப் பால் ஒட்டியிருக்கலாம், அதில் மோர்ஃபின் உண்டு. நன்றாகக் கழுவிய கசகசாவில் அது வெகுவாகக் குறைந்துவிடும், கழுவாததில் கூடுதலாக இருக்கும். அமெரிக்காவில் கசகசா தூவிய ரொட்டியைத் தின்றவர்கள் எல்லாம் ஹெராயின்காரர்கள் ஆகிவிடும் நிலை வந்தது. அதனால் 1998-ல் அபினி வகைகளுக்கான எல்லையை 300 நானோகிராமிலிருந்து ஒரேயடியாக 2000-க்கு உயர்த்தினார்கள். ஆனால் 300 எல்லை உள்ள பட்டைகள் இன்றும் சந்தையில் தாராளமாக விற்கின்றன. நாசி கண்டார் சோற்றுக்கடைக் குழம்பில் கசகசா கூடுதலாம், அதனால்தான் திரும்பத் திரும்பப் போகத் தோன்றுகிறதாம் என்று பினாங்கில் கேலி பேசுவார்கள். எனக்கு என்னவோ அது வெறும் ருசி என்றுதான் படுகிறது. ஆனால் கம்பெனி வாங்கி வைத்திருக்கும் பட்டையின் எல்லை 300-ஆ 2000-ஆ என்று கேட்பது கேலி இல்லை. டப்பாவின் மேலேயே அச்சடித்திருக்கும்.

இந்தச் சோதனை முறையின் வேர் அமெரிக்காவில்தான். 1971-ல் வியட்நாமிலிருந்து வீடு திரும்பும் சிப்பாய்களுக்கு நிக்சன் அரசு சிறுநீர்ச் சோதனை வைத்தது. 1986-ல் ரேகன் ஓர் ஆணை போட்டு அரசு அலுவலகங்களுக்குக் கொண்டுவந்தார். அங்கிருந்து தனியார் கம்பெனிகளுக்குப் பரவியது. வெளிநாட்டுத் தலைமையகத்திலிருந்து எங்களுக்கு வந்த படிவங்களில் அமெரிக்கச் சட்டச் சொற்கள் அப்படியே கிடக்கும். நாங்களும் அப்படியே நிரப்புவோம்.

பட்டை ஏமாறும் விதம் இரண்டு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. முதலாவது ஆள்மாறாட்டம். ஆன்டிபாடி ஒரு மூலக்கூறின் சாயலைத்தான் பிடிக்கிறது, ஆளையே அடையாளம் காண்பதில்லை. மூக்கடைப்புக்குத் தரும் சூடோஎஃபெட்ரின் மருந்து சில பட்டைகளில் ஆம்ஃபெட்டமின் வேஷம் போட்டு உள்ளே வந்துவிடும். அதாவது சளிக்கு மாத்திரை போட்டவர் ஷாபு என்ற மெத்தாம்ஃபெட்டமின் அடித்தவராகத் தெரிவார். இது உண்மையிலேயே பொய்யான பாசிட்டிவ். இரண்டாவது வேறு கதை. டாக்டர் எழுதிக் கொடுத்த கோடின் கலந்த இருமல் மருந்தைக் குடித்தால், உடம்பே அதில் ஒரு பங்கை மோர்ஃபினாக மாற்றிவிடும். பட்டை மோர்ஃபின் என்று காட்டினால் பொய் சொல்லவில்லை. மோர்ஃபின் இருக்கத்தான் செய்கிறது. எப்படி வந்தது என்பதுதான் பட்டைக்குத் தெரியாது.

இந்த இடத்தில் ஒரு லோரி ஓட்டுநரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாற்பத்தெட்டு வயது, பிறை என்ற ஊரிலிருந்து வருபவர், எல்லோருக்கும் அண்ணன். திடீர்ச் சோதனையில் அவருடைய பட்டையில் மோர்ஃபின் கோடு மட்டும் வரவில்லை. பட்டையைப் பார்த்த மேலாளர் அப்போதே சாவியை வாங்கிவிட்டார். ஓட்டுபவர் என்பதால் அதில் தப்பில்லை. ஆனால் அடுத்த வார்த்தையாக "இன்னிக்கே லெட்டர் அடிச்சுடு" என்றார். அண்ணன் ஒன்றும் பேசவில்லை. பையிலிருந்து பாதி காலியான ஒரு மருந்துப் போத்தலை எடுத்து மேசைமேல் வைத்தார். அவ்வளவுதான்.

அதனால்தான் இரண்டாம் கட்டம் என்று ஒன்று இருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் ஜிசி-எம்எஸ் அல்லது எல்சி-எம்எஸ் என்று சொல்லும் கருவிகள் செய்யும் வேலையைச் சுருக்கமாகச் சொன்னால் இப்படி: முதலில் சிறுநீரிலுள்ள பொருள்களை ஒரு மெல்லிய குழாய் வழியாக ஓட விட்டுப் பிரிக்கிறார்கள். ஒவ்வொன்றும் தனக்கே உரிய நேரத்தில் வெளியே வரும். வந்ததை அடித்து உடைத்து, சில்லுகளின் எடையைப் பார்க்கிறார்கள். எந்தச் சில்லு எவ்வளவு விகிதத்தில் வருகிறது என்பது மூலக்கூறுக்கு மூலக்கூறு மாறும். கைரேகை மாதிரி. சாயலைப் பார்த்து ஏமாறும் பேச்சு இங்கே இல்லை. மோர்ஃபின் விஷயத்தில் இன்னொரு தடயமும் கிடைக்கும். ஹெராயின் உடம்பில் உடையும்போது 6-மோனோஅசிட்டைல்மோர்ஃபின் என்ற பொருள் உண்டாகும். கோடினிலிருந்தோ கசகசாவிலிருந்தோ அது வரவே வராது. ஆனால் ஒரு நாளைக்குள் சிறுநீரிலிருந்து மறைந்துவிடும். இருந்தால் ஹெராயின் என்று அடித்துச் சொல்லலாம், இல்லையென்றால் மட்டும் நிரபராதி என்று சொல்லிவிட முடியாது. கோடினும் மோர்ஃபினும் எந்த விகிதத்தில் இருக்கின்றன, கையில் மருந்துச் சீட்டு இருக்கிறதா என்றெல்லாம் சேர்த்துப் பார்த்து ஒரு டாக்டர்தான் முடிவு சொல்ல வேண்டும். பட்டை கேள்வி கேட்கிறது. பதில் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது. நம் ஊர்க் கம்பெனிகளில் நான் பார்த்த பெரிய கோளாறு, கேள்வியையே பதிலாக எடுத்துக்கொள்வதுதான். காரணமும் தெரிந்ததுதான். பட்டைக்குச் சில ரிங்கிட் போதும், ஆய்வுக்கூடத்துக்கு அதைப் போலப் பல மடங்கு ஆகும், நாளும் பிடிக்கும்.

பாசிட்டிவ் என்றால் போதையில் இருக்கிறார் என்று பொருளா? இல்லை. சிறுநீர் பழைய செய்தித்தாள். உடம்பு உபயோகித்து முடித்து வெளியே தள்ளிய கழிவைத்தான் அது காட்டுகிறது. ஷாபுவும் கொக்கேனும் ஏறக்குறைய இரண்டிலிருந்து நான்கு நாள் தெரியும். ஹெராயினின் மோர்ஃபின் இரண்டு மூன்று நாள். கஞ்சாதான் விடாக்கண்டன். அதன் மிச்சம் கொழுப்பில் போய் உட்கார்ந்துகொண்டு சொட்டுச் சொட்டாக வெளியே வரும். எப்போதோ ஒருமுறை இழுத்தவருக்கு மூன்று நாள் அளவில் போய்விடலாம், தினமும் இழுப்பவருக்கு ஒரு மாதம் தாண்டியும் இருக்கும். 2022 ஜூனில் தாய்லாந்து கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்த பிறகு, வார இறுதிக்கு ஹட்யாய் போய்வரும் நம் பையன்கள் பலருக்கு இது புரியவில்லை. "அங்க லீகல்தானே அக்கா" என்றார்கள் அப்போது. எல்லையைத் தாண்டும்போது பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவார்கள். சிறுநீரில் எந்த ஊரில் இழுத்தது என்று முத்திரை இருக்காது. திங்கட்கிழமை கிளினிக்கில் வாங்கும் போத்தலுக்கு மலேசியச் சட்டம்தான்.

எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. பட்டை எதைத் தேடச் செய்யப்பட்டதோ அதை மட்டும்தான் தேடும். வடக்கே நமக்கெல்லாம் தெரிந்த கெத்தும் நீர், அதாவது கிராட்டம் இலையைக் காய்ச்சிய நீர், சாதாரண ஐந்து வகைப் பட்டையில் மாட்டாது. அதிலுள்ள மித்ராஜினின் நச்சுப்பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது, ஆனாலும் அதற்கென்று தனிச் சோதனை கேட்டால்தான் உண்டு. இத்தனைக்கும் கெத்தும் பற்றி உலகம் எடுத்துப் படிக்கும் ஆராய்ச்சிகள் நம் கெலுகோரில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் போதைப்பொருள் ஆராய்ச்சி மையத்திலிருந்துதான் வந்திருக்கின்றன.

இப்போது தலைமுடிச் சோதனைக்கு வருவோம். சிறுநீர் சில நாளைச் சொன்னால், முடி மாதக் கணக்கைச் சொல்லும். ரத்தத்தில் ஓடும் பொருள் முடியின் வேரில் நுழைந்து, முடி வளரும்போது அதோடு சேர்ந்து இறுகிவிடும். ஹெராயின் பழக்கம் உள்ளவர்களின் முடியில் அபினிப் பொருள்கள் இருப்பதை அமெரிக்காவில் பாம்கார்ட்னர் என்ற ஆய்வாளரும் குழுவினரும் 1979-ல் காட்டினார்கள். தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் வளரும். அதனால் பின்னுச்சியில், தோலை ஒட்டி, பென்சில் பருமனுக்கு ஒரு கற்றையை வெட்டி, வேர்ப் பக்கத்திலிருந்து 4 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக எடுத்துக்கொள்கிறார்கள். அதுதான் 90 நாள் வரலாறு. எந்த முனை வேர் என்று தெரியாமல் உறையில் போட்டால் வரலாறு தலைகீழாகிவிடும். பிடுங்குவதில்லை, வெட்டத்தான் செய்வார்கள்.

நேற்று செய்தது முடியில் தெரியாது. வேரில் நுழைந்தது தோலுக்கு வெளியே தலைகாட்ட ஒரு வாரம் பத்து நாள் ஆகும். ஆகவே ஃபோர்க்லிஃப்ட் சுவரில் மோதிய அன்று சாயங்காலம் முடியை வெட்டிப் பிரயோஜனமில்லை. விபத்துக்குப் பிறகு சிறுநீர், வேலைக்கு எடுப்பதற்கு முன்னால் வேண்டுமானால் முடி என்பதுதான் அதற்கான இடம்.

அப்புறம், நம் ஆட்களுக்கு மட்டும் வரும் ஒரு சிக்கல். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலையில் மொட்டை அடித்துவிட்டு இரண்டாம் நாள் வேலைக்கு வருபவரிடம் முடி கேட்டால் என்ன செய்வது? சந்தேகப்படாத வெளிநாட்டு ஆய்வாளர் இருக்க முடியாது. மொட்டை என்றாலே மறைக்கப் பார்க்கிறான் என்றுதான் அவர்கள் ஊர்க் கணக்கு. தலையில் இல்லையென்றால் மார்பிலோ கை, காலிலோ எடுக்கலாம். ஆனால் உடம்பு முடி மெதுவாக வளர்ந்து, ஓரளவில் நின்றுவிடும், அப்படியே கிடக்கும். 90 நாள் என்று அறுதியிட்டுச் சொல்ல வழியில்லை, ஒரு வருடம் வரைக்கும்கூட இழுக்கும். நேர்த்திக்கடனை முன்கூட்டியே படிவத்தில் எழுதி வைப்பது, அல்லது அந்த மாதம் சிறுநீரோடு நிறுத்திக்கொள்வதுதான் புத்தி.

இன்னொன்று, முடியின் நிறம். கொக்கேன், ஆம்ஃபெட்டமின் போன்றவை முடிக்குக் கருமை தரும் மெலனினோடு நன்றாக ஒட்டிக்கொள்ளும். ஒரே அளவு உட்கொண்ட இரண்டு பேரில் கருகருவென்று முடி உள்ளவரிடம் கூடுதலாகத் தெரியலாம். வெளியிலிருந்து தூசாகப் படிந்ததையும் உள்ளிருந்து வந்ததையும் பிரிப்பதும் லேசான வேலையில்லை. முதலில் கழுவுகிறார்கள், பிறகு உடம்பு மட்டுமே உண்டாக்கும் உடைபொருளைத் தேடுகிறார்கள். இருந்தும் பாஸ்டன் நகரக் காவல்துறையில் முடிச் சோதனையால் வேலை போன கறுப்பினக் காவலர்கள் வழக்குப் போட்டார்கள். கறுப்பினத்தவருக்குக் கூடுதலாக பாசிட்டிவ் வருவது வெறும் தற்செயல் என்று தள்ள முடியாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014-ல் ஏற்றுக்கொண்டது. நிறம்தான் காரணமா என்று அறிவியல் ஆட்கள் இன்னும் வாதாடுகிறார்கள். தேங்காய் எண்ணெய் வைத்து வளர்த்த கருங்கூந்தலைப் பெருமையாகப் பேசும் நாம் இந்த விவாதத்தைத் தூரத்துச் செய்தியாக நினைக்கக் கூடாது.

போத்தலில் தில்லுமுல்லு செய்வதைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. வாங்கியதும் நான்கு நிமிடத்துக்குள் சூடு பார்க்கிறார்கள், 32-லிருந்து 38 டிகிரிக்குள் இருக்க வேண்டும். கிரியாட்டினின் என்ற உடம்புக் கழிவின் அளவு மிகவும் குறைந்தால் தண்ணீர் கலந்தது தெரிந்துவிடும். நல்லவரும் இதில் மாட்டுவார். பயத்தில் இரண்டு போத்தல் தண்ணீரை மடக்மடக்கென்று குடித்துவிட்டு வந்த ஒரு பெண்ணின் சிறுநீர் நீர்த்துப்போனது என்று திரும்பி வந்தது. அவர் அழுத அழுகை. இன்னொரு நாள் காலையில் வரச் சொல்லி முடித்தோம். அதில் தண்டனைக்கு என்ன இருக்கிறது?

சட்டத்தில் இரண்டு பாதை இருக்கிறது, இரண்டும் வேறுவேறு. போலீஸ் பாதையில், 1952-ஆம் ஆண்டு அபாயகரமான போதைப்பொருள் சட்டத்தின் 31ஏ பிரிவு, கைதானவரிடம் சிறுநீர் கேட்க அதிகாரம் தருகிறது. தக்க காரணமில்லாமல் மறுத்தால் அதுவே குற்றம். உட்கொண்டது நிரூபணமானால் 15-வது பிரிவின்படி 5,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது 2 ஆண்டு வரை சிறை. முதலாளி பாதையில் அந்த அதிகாரமெல்லாம் கிடையாது. அவர் கேட்பது ஒப்பந்தத்தின் பேரில், உங்கள் சம்மதத்தின் பேரில். சம்மதிக்க மறுப்பதை ஒழுங்கு மீறல் என்று கம்பெனி விதி சொல்லலாம், ஆனால் கையைப் பிடித்துப் போத்தலைத் திணிக்க முடியாது. பாசிட்டிவ் வந்தாலும் நேரே கடிதம் அடித்துவிட முடியாது. 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 14-வது பிரிவு, தவறான நடத்தைக்காக நீக்குவதற்கு முன் முறையான விசாரணை வேண்டும் என்கிறது. அந்த விசாரணைக்காக இரண்டு வாரம் வரை இடைநீக்கம் செய்யலாம், அரைச் சம்பளத்துக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும். நியாயமில்லாமல் நீக்கப்பட்டதாக நினைப்பவர் 1967-ஆம் ஆண்டு தொழில் உறவுச் சட்டப்படி 60 நாளுக்குள் தொழில் உறவுத் துறையில் மனுக் கொடுக்க வேண்டும். 61-வது நாள் போனால் கதவு சாத்தியிருக்கும். சொந்தக்காரரைக் கேட்போம், தலைவரைப் பார்ப்போம் என்று நம் ஆட்கள் கோட்டை விடுவது இங்கேதான்.

உடல்நிலை பற்றிய தகவல் 2010-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் சிறப்புப் பாதுகாப்புப் பெற்றது. இது தெரியாமல் ஒரு கம்பெனியில் 40 பேருடைய முடிவுகளையும், பெயர், அடையாள அட்டை எண்ணோடு, சூப்பர்வைசர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். ஒருவருக்கு நீரிழிவு இருப்பதை அவர் மனைவிக்கு முன்னால் கேன்டீன் தெரிந்துகொண்டது.

மருந்தகத்தில் பட்டை வாங்கி வந்து மகனைச் சோதிக்கலாமா என்று சில அம்மாக்கள் என்னைக் கேட்டிருக்கிறார்கள். வாங்கலாம், தடையில்லை. ஆனால் கோடு வராவிட்டால் அடுத்து என்ன செய்வீர்கள் என்று முதலில் யோசித்து வையுங்கள். சும்மா அடிக்கத்தான் போகிறீர்கள் என்றால் அந்தப் பணத்துக்கு மீன் வாங்குங்கள். தேசியப் போதைப்பொருள் தடுப்பு நிறுவனமான ஏஏடிகேயிடம் தானாகவே போய் சிகிச்சை கேட்க 1983-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சிகிச்சை, மறுவாழ்வுச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. அந்த வாசல் தெரிந்த பிறகு பட்டையைத் தொடலாம்.

லோரி அண்ணனின் கதைக்கு வருகிறேன். நல்லவேளை, கிளினிக்கில் அன்று சிறுநீரை இரண்டு போத்தலில் பிரித்து, அவர் கண்ணெதிரே முத்திரை ஒட்டி, அதன்மேல் அவரையே கையெழுத்துப் போட வைத்திருந்தார்கள். இரண்டாவது போத்தல் ஆய்வுக்கூடத்துக்குப் போனது. ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் அவர் ஸ்டோரில் அட்டைப்பெட்டி மடித்தார், சாப்பாட்டு நேரத்தில் அவர் மேசையில் யாரும் உட்காரவில்லை. முடிவு வந்தது: கோடின், கூடவே மோர்ஃபின், 6-மோனோஅசிட்டைல்மோர்ஃபின் இல்லை, அளவுகள் மருந்துச் சீட்டோடு ஒத்துப்போகின்றன. டாக்டர் நெகட்டிவ் என்று எழுதினார். மேலாளர் சாவியைத் திருப்பிக் கொடுத்தார். மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை, "ஓகே லா அண்ணே" என்றதோடு சரி.

அடுத்த திடீர்ச் சோதனைக்கு அவர் கிளினிக் சீட்டுகளை ஒரு பிளாஸ்டிக் உறையில் கொண்டுவந்தார். பனடோல் ரசீதும் இருந்தது. மிஸ்ஸி காலிப் போத்தலை நீட்டுவதற்கு முன்னால் உறையை மேசைமேல் வைத்து, "முதல்ல இதை எழுதிக்குங்க, அப்புறம் நான் போறேன்" என்றார்.